மறுப்புக்கு இரண்டு வரி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சேகோ ஆலையின் ஜவ்வரிசி, சேலம் சூரமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது. அனுப்பியவர், அந்தச் சரக்கை வாங்கவிருந்த வியாபாரி.

2. ஜவ்வரிசியைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மரவள்ளி மாவுக்கு நடுவே மக்காச்சோள மாவும் இருந்தது.

3. அறிக்கையில் "மக்காச்சோள மாவு காணப்பட்டது" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியில் "கலப்படம்" என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் இரண்டு கட்டங்கள். "உண்டு" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

4. வியாபாரி சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

5. ஆலை முதலாளி, மாவு அறைப் பொறுப்பில் இருந்த பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்.

6. அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்தார்.

மூன்றாவதில் நான் எழுதிய வாக்கியம் சரி. டிக்தான் சரியில்லை. ஆனால் அது சரியில்லை என்று எனக்குத் தெரிய ஆறாவது நடக்க வேண்டியிருந்தது.

எங்கள் கூடம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. வெளியாட்கள் யாரும் உள்ளே வருவதில்லை. மாதிரியைக் கீழே இருக்கும் எங்கள் ஆளிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்று காலை பதினோரு மணிக்கு, "ஒரு அம்மா உன் கையெழுத்தைக் காட்டி, இவங்களைப் பார்க்கணும்னு நிக்கறாங்க" என்று கீழேயிருந்து போன் வந்தது. இறங்கிப் போனேன். நாற்பது வயது இருக்கும். வயர் கூடையில் சாப்பாட்டுத் தூக்கு. யாருடைய போனிலிருந்தோ எடுத்து அச்சடித்த என் அறிக்கையை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"சாமி, நீங்கதானுங்களா இத எழுதுனது?"

"ஆமாங்க அக்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு சின்னப் புள்ளையா இருக்கறீங்க" என்றார். அதில் கோபம் இல்லை. சண்டை போடலாம் என்று வந்தவருக்கு ஆள் பொருந்தவில்லை என்ற சலிப்புதான் இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். மாவு அறையில் பதினோரு வருடமாக இருக்கிறார். கிழங்கை அரைத்து வடித்த பால், தொட்டியில் படிந்து கட்டியாகும். அந்த ஈரக் கட்டியை உடைத்து, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்து, உருண்டை திரட்டும் எந்திரத்துக்கு அனுப்புவது இவர் வேலை. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், இது இப்போது திரளும், இது திரளாது என்று சொல்லிவிடுவாராம். வறுக்கிற இடத்தில் இருப்பவர்கள் அதற்காக இவருக்கு "மாவு டாக்டர்" என்று பேர் வைத்திருந்தார்கள்.

"இப்ப அவங்களே 'டாக்டர் ஊசி போட்டுட்டாரு, மாவு செத்துப்போச்சு'ங்கறாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நான் மக்காச்சோள மாவக் கலந்துபோட்டு, கெழங்கு மாவ வெளிய வித்துட்டேன்னு சொல்றாங்க. நான் கலக்கலீங்க."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. ஒருக்கா இல்ல, நாலு தடவ சொன்னன். 'மாட்டிக்கிட்ட எல்லாரும் இல்லைன்னுதான் மறுப்பாங்க'ங்கறாரு. வேற எப்படிச் சொல்றதுங்க? இல்லைங்கறத எத்தன விதமாச் சொல்ல முடியும்?"

வேறு ஆலையில் வேலை கிடைக்காதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சேகோ பேக்டரிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்குவாங்க சாமி. கலப்படம் பண்ணுனவன்னு ஒருத்தர் சொல்லிப்போட்டாருன்னா, ஆத்தூர் வரைக்கும் யாரும் சேத்துக்க மாட்டாங்க. வேல போனாப் போகட்டும். தோட்டங்காட்டு வேலைக்குப் போய்க்குவேன். அந்தப் பேரோட எங்க போறது?"

எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு படிவம் இருக்கிறது. முடிவை ஏற்றுக்கொள்ளாதவர்கள் ஏழு நாளுக்குள் நிரப்பித் தர வேண்டும். அதில் "மறுப்பு" என்று தலைப்பிட்டு இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கும். ஆனால் அதை ஆலைதான் நிரப்பலாம். ஆலையில் வேலை பார்த்தவர் நிரப்ப முடியாது. அதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சரிங் சாமி. உங்களப் பாத்துப்போடலாம்னு வந்தன். வாரேனுங்க" என்றார். போகும்போது அந்த அறிக்கையைத் திரும்பவும் நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தன்னைக் குற்றம் சொல்லும் ஒரு தாளை எதற்காக அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்?

மேலே போனதும் ஆலையின் கோப்பைத் தேடினேன். முதலாளி படிவத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தார். நல்ல கையெழுத்து. கீழே ஆலை முத்திரை. இரண்டு வரியையும் நிரப்பியிருந்தார்.

"எங்கள் ஆலையில் கலப்படம் ஏதும் நடைபெறவில்லை."

"சம்பந்தப்பட்ட தொழிலாளி பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்."

முதல் வரி இல்லை என்கிறது. இரண்டாவது வரி உண்டு என்கிறது. எங்கள் ஆட்கள் அதன்மேல் "மறுப்பு பெறப்பட்டது" என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்திருந்தார்கள். யாரும் இரண்டு வரியையும் சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் எங்கள் மேலாளர், வியாபாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ஆலை உங்கள் குற்றச்சாட்டை "ரெஃப்யூட்" செய்திருக்கிறது என்று சொன்னார். அந்தச் சொல்லில் என் கை நின்றுவிட்டது.

"சார், இந்த வார்த்தை வேண்டாம். 'டினை'ன்னு போட்டுக்கலாமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. மறுத்திருக்காங்க."

"இல்லைன்னு சொன்னா டினை சார். இல்லைன்னு காட்டினாத்தான் ரெஃப்யூட்."

"பேப்பர்ல எல்லாம் இப்படித்தான் எழுதறாங்க. நீ என்ன இங்கிலீஷ் டீச்சரா?" என்றார். ஆனாலும் மாற்றச் சொன்னார். அவர் நல்லவர்தான். நாலு பேர் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதிவிட்டால் தொந்தரவு இல்லை என்று நினைப்பவர்.

அவரை மட்டும் சொல்வது நியாயமில்லை. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பட்டிமன்றம் வைப்பார்கள். மதிப்பெண் தாளில் "மறுப்புரை" என்று ஒரு தலைப்பு, அதற்குப் பத்து மதிப்பெண். எதிரணிப் பெண் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் மேசையைத் தட்டி, "இதை நான் வன்மையாக மறுக்கிறேன்" என்றேன். எதையும் காட்டவில்லை. குரலை உயர்த்தினேன், அவ்வளவுதான். பத்துக்கு ஒன்பது கொடுத்தார்கள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸில்தான் இன்றைக்கும் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அன்று அதைத் திறக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சாப்பிட்டபடியே நோட்டில் ஒரு பட்டியல் எழுதினேன். எனக்குக் குழப்பம் வந்தால் பட்டியல் போடுவது வழக்கம்.

இரண்டாவது முறை சாதம் வேண்டாம் என்பது: மறுத்தல். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிறகு வேண்டாம் என்பது: மறுத்தல். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கண்டக்டர் டிக்கெட் தர மாட்டேன் என்பது: மறுத்தல். செய்யாத தவற்றைச் செய்யவில்லை என்பது: மறுத்தல். செய்த தவற்றைச் செய்யவில்லை என்பதும் மறுத்தல். அதெல்லாம் தப்பு, இதோ பாருங்கள் என்று எடுத்துக் காட்டுவது: அதுவும் மறுத்தல்.

கடைசி ஒன்றுக்கு மட்டும் வேறு சொல் வேண்டும் என்று தோன்றியது. கண்டித்தல் என்றால் திட்டுவது போலிருக்கிறது. நிராகரித்தல் என்றால் தள்ளிவிடுவதுதான், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. முறியடித்தல் சண்டைக்குப் போகிறவர்கள் சொல்வது. பொய்ப்பித்தல் என்று ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட அதுதான். அதைச் சுற்றி வட்டம் போட்டுவைத்தேன். நான் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். கணக்குப் புத்தகத்தில், ஒரு கூற்று தவறு என்று காட்ட அது பொருந்தாத ஒரே ஒரு இடத்தைக் காட்டினால் போதும் என்று வரும். எதிர் எடுத்துக்காட்டு என்பார்கள். எத்தனை முறை, எவ்வளவு சத்தமாக என்றெல்லாம் அதில் கிடையாது. ஒன்று போதும்.

அப்படியானால் முதலாளியின் கூற்று என்ன என்று பார்க்க வேண்டும். அதையும் எழுதினேன்.

அ. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு இருக்கிறது.
ஆ. கலந்திருந்தால், உருண்டை திரட்டுவதற்கு முன்பே, மாவாக இருக்கும்போதே கலந்திருக்க வேண்டும்.
இ. மாவு அறை அந்த அக்காவின் பொறுப்பு.
ஆகவே, அவர்தான் கலந்தார்.

அ என்பது நானே கண்ணால் பார்த்தது. இ எல்லோருக்கும் தெரிந்தது. ஆ-வும் சரிதான், அதில் ஒரு "கலந்திருந்தால்" இருப்பதைத் தவிர. அந்தக் "கலந்திருந்தால்" எங்கிருந்து வந்தது? என் டிக்கிலிருந்து வந்தது. இருக்கிறது என்பதை நான் பார்த்தேன். கலந்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. படிவத்தில் அந்த இரண்டும் அடுத்தடுத்த வரியாக இருந்ததால் ஒரே மூச்சில் இரண்டையும் நிரப்பிவிட்டேன். அதுவரை எத்தனையோ அறிக்கைகளில் அப்படிச் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாவாக இருக்கும்போது கலந்திருந்தால், மக்காச்சோளம் உருண்டைக்குள்ளே இருந்தாக வேண்டும். ஈர மாவு குலுங்கிக் குலுங்கித்தான் உருண்டையாகிறது. கலந்தது வெளியே மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்காது. நான் முதலில் உருண்டையைப் பொடித்துப் பார்த்தேன். அதனால் உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் ஒன்றாகிவிட்டது.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை நாங்கள் முத்திரை வைத்து எடுத்துவைப்போம். அதை எடுக்க மேலாளரிடம் அனுமதி கேட்டேன். "வேற வேலை இல்லையா" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருபது உருண்டைகளை எடுத்து, கரைந்துவிடாமல் இருக்க ஆல்கஹாலில் அலசினேன். அலசிய திரவத்தைத் தெளியவைத்து, அடியில் படிந்ததைத் தனியாக எடுத்துவைத்தேன். பிறகு ஒவ்வோர் உருண்டையையும் பிளேடால் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து சுரண்டி எடுத்துப் பார்த்தேன்.

மரவள்ளி மாவுத் துகள் ஒரு பக்கம் சீவிய பந்து மாதிரி இருக்கும். மக்காச்சோளம் மூலை மூலையாக இருக்கும். பழகிய கண்ணுக்குத் தப்பாது. நடுவில் எல்லாம் சீவிய பந்துகள்தான். ஒரு மூலைகூட இல்லை. இன்னும் இருபது எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் இல்லை. அலசியதில் படிந்ததைப் பார்த்தால், அதில் நிறைய இருந்தது.

மேலாளர் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

"உள்ளே இல்லை, சரி. வெளியே எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலை சார். ஆனா மாவுல கலக்கலைங்கறதுக்கு இது போதும்."

"உனக்குப் போதும். வியாபாரி கேப்பான். நம்ம ரிப்போர்ட்டை நாமே தப்புன்னு எழுதறதுன்னா முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு எழுதணும். போய்ப் பாத்துட்டு வா."

முதலாளிக்குப் போன் செய்து, மறு மாதிரி எடுக்க வருகிறேன் என்றேன். தாராளமாக வாங்க என்றார். அந்த அக்காவையும் வரச் சொல்ல முடியுமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "வரட்டும், கேட்டுக்கட்டும்" என்றார். ராசிபுரம் பஸ்ஸில் மல்லூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக, காயவைக்கும் களங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனையோ முறை போன ரோடுதான். வெள்ளையாக ஜவ்வரிசி காய்வது எத்தனை, மஞ்சளாக மக்காச்சோளம் காய்வது எத்தனை என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அன்று எண்ணினேன். அடுத்தடுத்து இருந்தன.

ஆலை வாசலில் வேப்பமரத்தடியில் அந்த அக்கா நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. முதலாளி வெளியே வந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"வாங்க அம்மணி. காப்பி குடிக்கறீங்களா, மோர் குடிக்கறீங்களா?"

"மோர் போதுங்க."

"உங்க மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பாத்தா எங்க ஊட்டுச் சோத்துலயே நாலு சங்கதி தெரியுமுங்க. அதுக்குன்னு என்ற சம்சாரத்த நிறுத்திப்போட முடியுங்களா?"

"அந்த அக்காவ நிறுத்திட்டீங்களே."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். மோர் வந்தது. குடித்துவிட்டுக் களத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். மாவு அறையைத்தானே பார்க்க வேண்டும் என்றார். களத்தைப் பார்த்துவிட்டு அங்கே போகலாம் என்றேன்.

வறுத்த ஜவ்வரிசியைப் பரப்பிக் காயவைக்கும் சிமெண்டு களம் அது. நன்றாகக் கூட்டி வைத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய சிமெண்டில் வெடிப்பு விழுந்திருந்தது. ஒரு வெடிப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து நெருடினேன். வெள்ளைத் தூசி வந்தது. அதன்கூட மஞ்சளாகச் சிறுசிறு தொலி. மக்காச்சோளத்தின் தொலி. யார் பார்த்தாலும் தெரியும், நுண்ணோக்கி வேண்டாம்.

உள்ளங்கையில் வைத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"ஓ, அதுங்களா. பொங்கலுக்கு நாலு நாள் பேக்டரி லீவுங்களே, களம் சும்மாதான கெடக்குது. மச்சான் கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் வாங்கியிருந்தாரு. ஈரமா இருந்துது, பூசணம் புடிச்சுரும், காயப்போட்டுக்கட்டுமான்னாரு. வேண்டாங்க முடியுங்களா? கூட்டிக் கழுவித்தான..."

அந்த இடத்தில் நிறுத்தினார். என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதையும் மறைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மச்சான் களத்தைக் கேட்டதை அவர் வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கிழங்கும் கோழித் தீவனமும் ஒரே குடும்பத்தில் இருக்கும். ஒருவர் களம் சும்மா கிடந்தால் இன்னொருவர் காயப்போடுவார். அதை யாராவது ஒரு செய்தியாகச் சொல்வார்களா?

வேப்பமரத்தடியிலிருந்து அந்த அக்காவும் வந்து களத்தின் ஓரத்தில் நின்றார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார்.

"லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு நானும் பாத்தனுங்க. மக்காச்சோள மூட்ட ஏத்திட்டு இருந்தாங்க. களம் வேற, மாவு வேறன்னு இருந்துட்டேன். நெனப்பே வரலீங்க."

உருண்டைகளைப் பிளந்து பார்த்ததை நான் முதலாளிக்கு விளக்கினேன். அவர் நன்றாகப் புரிந்துகொண்டார். இருபத்தைந்து வருடம் ஜவ்வரிசியோடு இருப்பவர். "உள்ள இல்லைன்னா மாவுல இல்ல. சரிதானுங்க" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் தயங்கினார்.

"இப்ப இது எம்மேல வருதுங்களே அம்மணி. களத்துல மக்காச்சோளம் காயப்போட்டேன்னு தெரிஞ்சா வியாபாரி என்ன நெனைப்பாரு? நாங்கதான் மறுப்புன்னு எழுதி அனுப்பிட்டோமே. அதோட உட்டுரலாமுங்களே."

"அந்த மறுப்புல முதல் வரியும் ரெண்டாவது வரியும் சண்டை போடுதுங்க."

"என்னங்க சண்டை?"

"கலப்படமே நடக்கலைன்னு முதல் வரியில எழுதிட்டு, ரெண்டாவது வரியில அந்த அக்காவ நிறுத்திட்டோம்னு எதுக்கு எழுதுனீங்க? நிறுத்துனது சரின்னா கலப்படம் நடந்திருக்குன்னு ஆகுதுங்களே."

வறுக்கிற இடத்திலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா இன்னும் களத்துக்குள் கால் வைக்கவில்லை. ஓரத்தில் நின்றபடியே பேசினார். குரல் சாதாரணமாக இருந்தது.

"என்னையக் கூப்புடாட்டியும் பரவால்லீங்க. அந்த ரெண்டாவது வரிய மட்டும் அடிச்சுப்போடுங்க."

கேட்டதும் அன்று அவர் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட என் அறிக்கை நினைவுக்கு வந்தது. அந்த மடித்த தாளை எதற்காகப் பத்திரமாக வைத்திருந்தார் என்பது அப்போது புரிந்தது. அதிலும் அடிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது, நான் டிக் அடித்த வரி; அதைக் காட்டுவதற்கு அது வேண்டும்.

முதலாளி ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த புதிய படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"களத்துத் தூசின்னு எழுதியே ஆகோணுங்களா?"

"எழுதினா காட்டினதா இருக்குமுங்க. எழுதாட்டி சொன்னதா மட்டும்தான் இருக்கும்."

"காட்டறதுன்னா நம்மளையும் சேத்துத்தான் காட்டோணும்போல" என்றார். அது என்னிடம் சொன்னதல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு எழுதினார். இரண்டு வரியில் அடங்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் பொடியாக எழுதி முடித்தார். பொங்கல் விடுமுறையில் களத்தில் மக்காச்சோளம் காயவைக்கப்பட்டது, அதன் தூசி முதல் நாள் சரக்கில் ஒட்டியிருக்கிறது, மாவு அறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழைய படிவத்தின் நகலில் இரண்டாவது வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அதை அந்த அக்காவிடம் நீட்டினார். அவர் வாங்கிப் படித்தார். ஒவ்வொரு சொல்லாகப் படிக்க நேரமானது. நாங்கள் காத்திருந்தோம்.

"புதன்கெழமையில இருந்து வா" என்றார் முதலாளி, பேனாவைப் பையில் செருகிக்கொண்டே. "மாவு ரெண்டு நாளா சரியாவே தெரள மாட்டேங்குது."

"நான் தொட்டாத்தான் தெரளும்" என்றார் அக்கா.

சூரமங்கலம் திரும்பியதும் திருத்திய அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். "கலப்படம் என்ற முடிவு பொய்ப்பிக்கப்பட்டது" என்று முதலில் எழுதினேன். வட்டம் போட்டுவைத்த சொல்லாயிற்றே. படித்துப் பார்த்தபோது பிடிக்கவில்லை. அந்த அக்கா இதைப் படித்தால், யார் பொய் சொன்னார்கள் என்று கேட்பார். யாரும் பொய் சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை, மச்சான் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பார்த்ததற்கும் முடிவுக்கும் நடுவே ஒரு படியை நான் பார்க்காமல் தாண்டினேன். அதனால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மக்காச்சோள மாவு உருண்டைகளின் மேற்புறத்தில் மட்டும் காணப்பட்டது. உள்ளே இல்லை. எனவே மாவுடன் கலக்கப்பட்டது என்ற எங்கள் முந்தைய முடிவு தவறு." ஒரு சொல்லில் முடிய வேண்டியதற்கு மூன்று வாக்கியம் ஆயிற்று. படிக்கிறவர் எந்த இடத்திலும் என்னை நம்ப வேண்டியதில்லை, அவரே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் அப்படியே விட்டேன்.

மேலாளர் "எங்கள்" என்பதை அடித்துவிடலாமா என்று கேட்டார். அடிக்க வேண்டாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார், கையெழுத்துப் போட்டார்.

இப்போது நிலை இதுதான். அந்த அக்கா அதே ஆலையில், அதே மாவு அறையில் இருக்கிறார். வறுக்கிற இடத்தில் சிலர் பழையபடி டாக்டர் என்கிறார்கள், சிலர் எதுவும் சொல்வதில்லை. வியாபாரி அந்தச் சரக்கை எடுக்கவில்லை, அடுத்த சரக்கை எடுத்திருக்கிறார். களத்து வெடிப்புகளைச் சிமெண்டு வைத்துப் பூசியிருக்கிறார்கள். எங்கள் படிவத்தில் "கலப்படம்" என்ற வரியின் பக்கத்தில் இருந்த கட்டங்களை எடுத்துவிட்டோம். "மறுப்பு" என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே இரண்டு வரிக்குப் பதில் அரைப்பக்கம் இடம் விட்டிருக்கிறோம். என் முதல் அறிக்கை யார் யார் போனில் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திருத்திய அறிக்கையைக் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.